சுவரில் மாட்டிய கதவு

சென்னையிலும் புதுச்சேரியிலும் அண்மைக் காலத்தில் திறந்த காபிக் கடைகளையும் துணிக்கடைகளையும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். செட்டிநாட்டுக் கதவு ஒன்று நிலையோடு சுவரில் மாட்டியிருக்கும். அது திறக்காது, பின்னால் வெறும் சுவர்தான். பக்கத்தில் கம்பி வைத்த பழைய ஜன்னல் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருப்பார்கள். எதையும் தாங்காத மரத்தூண் ஒன்று மூலையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். சூழலைக் கெடுக்காமல், பழைய பொருள்களைக் கொண்டே இந்த இடத்தை அமைத்தோம் என்று வாசலில் ஒரு பலகையும் இருக்கும். அதே கடையின் கழிவறைக்குப் போனால் அங்கே எம்.டி.எஃப் கதவு, புத்தம் புதிது. கல்லாவும் அலமாரியும் லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. உள்ளலங்காரத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கடைகளைக் குறை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் குறைவு. வாடிக்கையாளர் கேட்டால் எங்களில் பெரும்பாலோர் செய்து கொடுக்கும் வேலைதான் இது. ஆனால் இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. சுவரில் மாட்டிய கதவால் ஒரு புதிய கதவுகூட மிச்சமாகவில்லை. வாங்க வேண்டிய கதவையும் வாங்கி, அதற்கு மேல் இன்னொன்றையும் வாங்கியிருக்கிறார்கள்.

பழைய பொருளைப் பயன்படுத்துவதால் சூழலுக்கு நன்மை உண்டா என்பதை ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: அது வந்ததால் எந்தப் புதிய பொருளை வாங்காமல் விட்டோம்? பதில் இருந்தால் பயன் இருக்கிறது. பதில் இல்லாவிட்டால் நாம் செய்தது அலங்காரம். அலங்காரத்தில் தவறேதும் இல்லை, வேறு கணக்கில் எழுத வேண்டிய செலவு, அவ்வளவுதான். இந்தச் சோதனையைத் தொழிலில் நேர்மையாகக் கடைப்பிடித்தால் வரைபடம் போடும் முறை, மரக்கடையில் எதைத் தேர்ந்தெடுப்பது, எதை வேண்டாம் என்பது, வேலையாட்களுக்குக் கூலி பேசுவது எல்லாமே மாறிவிடுகின்றன.

முதலில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் பழைய மரம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று சென்னையின் பழைய வீடுகள். ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் கான்கிரீட் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும். உத்திரங்களின் மேல் ஒன்றரை அடி அளவு இடைவெளியில் தேக்குக் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கோணவாக்கில் குத்துக்கல்லாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பல நாள் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இந்த வீடுகளை இடிக்கும்போது மரக்கட்டைகள் லாரிக் கணக்கில் வருகின்றன. மற்றது செட்டிநாடு. அங்கத்திய வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை, எழுப்பிய வீடுகள் பர்மாத் தேக்கால் நிறைந்தவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வருவாய் அறுந்தது. வீடுகள் பங்காளிகளிடையே பிரிந்து பிரிந்து, பழுதுபார்க்க ஆளில்லாமல் சில இடிந்தன, பல பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகள் அந்த வீழ்ச்சியிலிருந்து எழுந்தவை. அங்கே பித்தளைப் பூட்டு முதல் பத்தடித் தூண் வரை கிடைக்கும்.

இந்த மரத்துக்கு நாங்கள் தரும் மதிப்பு வெறும் பழமைப் பற்று அல்ல. காட்டில் மெதுவாக வளர்ந்து, வயது முதிர்ந்த பின் வெட்டிய தேக்கில் வைரப் பகுதி அதிகம், வெளிப்புற வெள்ளை குறைவு. கரையானை விரட்டுவது வைரத்தில் உள்ள டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள்தான், வெள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை. இன்று சந்தையில் விற்கும் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டியது. அதில் வெள்ளையின் பங்கு கூடுதல். தோட்டத் தேக்கு என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நிலம்பூரில் 1840களில் நட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன, அவற்றின் தரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேறுபாடு வயதில் இருக்கிறது. மரம் காய்வதும் இதே கணக்குத்தான். எண்பது ஆண்டு கூரையைத் தாங்கிய கட்டை எத்தனையோ மழைக்கு ஊதி எத்தனையோ வெயிலுக்குச் சுருங்கி அடங்கியிருக்கும். அதைக் கதவாக்கினால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொண்டு திறக்காமல் அடம்பிடிப்பது குறைவு. அவசரமாகக் காயவைத்த புதுமரத்துக்கு அந்த உத்தரவாதத்தை எந்தக் கடைக்காரரும் எழுதித் தர மாட்டார்.

புதிய பர்மாத் தேக்கு வாங்குவதில் வேறு சிக்கலும் உண்டு. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. காடுகள் அழிந்ததே காரணம். 2021இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அரசின் மர நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பொருளாதாரத் தடை விதித்தன. ஆக, ‘பர்மா’ என்ற பெயரில் இன்று புதிதாக வரும் மரத்தை எந்தக் காட்டில், யார் வெட்டினார்கள் என்பதற்குத் தெளிவான விடை கிடைப்பது அரிது. மயிலாப்பூரில் இடித்த வீட்டுக் கட்டைக்கு அந்தக் கேள்வி நூறு ஆண்டுக்கு முந்தியது. இப்போது அதை வாங்குவதால் எந்தக் காட்டிலும் ஒரு மரம் கூடுதலாகச் சாயப் போவதில்லை. கரிக்கணக்கும் சொல்லலாம். 12 அடி நீளம், 6 அங்குல உயரம், 4 அங்குல அகலமுள்ள ஒரு குறுக்குக் கட்டை 2 கன அடி. ஒரு கன அடித் தேக்கின் எடை ஏறக்குறைய 18 கிலோ. உலர்ந்த மரத்தின் எடையில் பாதியளவு கரி. அந்த ஒரு கட்டைக்குள் சுமார் 60 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரி பூட்டிக்கிடக்கிறது. செங்கற்சூளை அடுப்புக்குப் போனால் அது ஒரே நாளில் காற்றில் கலந்துவிடும். அலமாரியாக ஆனால் இன்னொரு தலைமுறைக்கு வீட்டுக்குள் இருக்கும்.

இங்கேதான் சோதனை கடுமையாகிறது. அந்தக் கட்டை எந்த வேலைக்குப் போகிறது? விட்டமாக இருந்தது விட்டமாகவே போனால் ஒரு இரும்புத் தூலமோ புதிய மரமோ மிச்சம். மாடிப்படிப் பலகையாக, ஊஞ்சல் பலகையாக, வேலைமேசையாகப் போனாலும் மிச்சம்தான், சற்றுக் குறைவு. அதையே இரண்டு மில்லிமீட்டர் ஏடுகளாக அறுத்து ஜிப்சம் சுவரின் மேல் ஒட்டினால் பழைய மரம் போலத் தோன்றும் ஒரு சுவர் கிடைக்கும். மிச்சமானது ஒரு வால்பேப்பர் சுருள். பெரிய கட்டையைச் சிறிதாக்கலாம், சிறியதைத் திரும்பப் பெரிதாக்க முடியாது. எங்கள் பட்டறையில் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான்: நீளமான கட்டைக்கு நீளமான வேலையை முதலில் தேடு, கிடைக்காவிட்டால் மட்டும் வெட்டு. அறுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நாலு அங்குலக் கட்டையை ஒரு அங்குலப் பலகைகளாக்க மூன்று வெட்டு போட வேண்டும். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் நாலைந்து மில்லிமீட்டரைத் தூளாக்கும், பட்டை ரம்பம் இரண்டோடு நிறுத்தும். மொத்தம் அரை அங்குலம் தூளாகப் போவதும் கால் அங்குலம் போவதும் ஒன்றல்ல. பட்டை ரம்பம் வைத்திருக்கும் அறுவை மில்லைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

சோதனையில் தேறும் வேலைக்கு வரைபடத்தின் வரிசையே தலைகீழாக வேண்டும். பயிற்சியில் நாம் கற்றது, முதலில் வரைந்து பிறகு பொருளை வாங்குவது. கதவு 7 அடிக்கு 3 அடி என்று தாளில் எழுதிவிட்டால் கடைக்காரர் அதே அளவில் கொண்டுவந்து இறக்குவார். பழைய சரக்கில் இது நடக்காது. பழைய உள்கதவுகள் பல ஆறடிக்குச் சற்று மேலேயே நின்றுவிடும், அகலம் இரண்டரை அடியைத் தாண்டாது. செட்டிநாட்டு முகப்புக் கதவோ எந்த அடுக்குமாடி வாசலுக்கும் அடங்காது. பொருளை முதலில் வாங்கி அளந்து, ஒரு பட்டியல் போட்டு, அதற்குப் பிறகு சுவரில் திறப்பு எங்கே, எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குள்ளமான கதவுக்கு மேல் நிலையான கண்ணாடி வைத்து உயரத்தைச் சரிக்கட்டலாம். அகலம் போதாத இடத்தில் பக்கத்தில் மரச்சட்டம் கூட்டலாம். சமையலறை, பூஜையறை, பொருள் வைக்கும் அறைக்கு அந்த அகலமே போதும். முதியவர் சக்கர நாற்காலியில் போக வேண்டிய அறைக்கு அது போதாது, அங்கே புதிய கதவுதான். இந்த முறையில் வரைபவர் தன் அகங்காரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். கணினியில் போட்ட படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கும் பழக்கமும் செல்லாது. இன்ன மரம், இன்ன அளவு வரம்பு, இன்ன நிறச் சாயல் என்று எழுதி, அந்த வரம்புக்குள் எது வந்தாலும் சரி என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். எட்டு நாற்காலியும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும் என்பவருக்கு இந்த வேலை சரிப்படாது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

அளவு வேறுபாட்டையே கட்டடத்தின் முறையாக்கியவர்கள் இருக்கிறார்கள். சீனாவில் நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தை 2008இல் கட்டி முடித்த கட்டடக் கலைஞர் வாங் ஷூ, அந்த வட்டாரத்தில் இடித்த ஊர்களின் செங்கல்லையும் ஓட்டையும் கலந்தடுக்கி வெளிச்சுவரை எழுப்பினார். சூறாவளிக்குப் பின் கிடைத்ததை வைத்துச் சுவர் வைக்கும் அந்த ஊர்க் கொத்தர்களின் பழைய வழக்கம் அது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இடிந்த வீடுகளின் கதவு, ஜன்னல், ஓடுகளைத் தன் வீட்டிலேயே பயன்படுத்தினார். இவர்கள் இருவரிடமும் நான் கவனிப்பது அழகை அல்ல. அவர்கள் எடுத்த ஓடும் செங்கல்லும் சுவராகி மழையைத் தடுக்கின்றன, கதவு திறந்து மூடுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில் எல்லாரும் கேட்பது செலவு. பழைய மரம் மலிவு என்ற எண்ணத்தோடு வருபவர்கள் கூலிச் சீட்டைக் கண்டு திகைக்கிறார்கள். மரத்தின் விலை குறைவுதான். ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் ஆணி பிடுங்க வேண்டும். தலை ஒடிந்து உள்ளே போன ஆணியைக் காந்தத்தாலோ உலோகம் காட்டும் கருவியாலோ தேட வேண்டும், ஒன்று தப்பினாலும் இழைப்பு எந்திரத்தின் பிளேடு போயிற்று. சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில் ஈரம் இறங்கி மரம் மெத்தென்று ஆகியிருக்கும், அந்தப் பகுதியை வெட்டித் தள்ள வேண்டும். ஆணி இருந்த இடத்தில் மரம் கறுத்திருக்கும், அதை மறைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். வெடிப்புக்கு மரத்துண்டு வைத்து அடைக்க வேண்டும். பழைய மரத்தில் வேலை செய்யத் தெரிந்த ஆசாரிகள் குறைந்துவருகிறார்கள், தெரிந்தவர்கள் நியாயமாகவே கூடுதல் கேட்கிறார்கள். ஆகவே, ஒரு சிறிய ஃபிளாட்டின் சமையலறை அலமாரிகளைப் பழைய தேக்கில் செய்தால் பிளைவுட்டைவிட மலிவாகும் என்று நான் எவருக்கும் வாக்குத் தருவதில்லை. புதிய பர்மாத் தேக்கோடு ஒப்பிட்டால் கதை வேறு. வாசல் கதவு, படிக்கட்டு, ஊஞ்சல், சாப்பாட்டு மேசை ஆகியவற்றில் பழையதே குறைந்த செலவில் முடிகிறது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய லேமினேட் வேலையில் பணத்தின் பெரும்பங்கு தொழிற்சாலைப் பொருளுக்குப் போகிறது, பழைய மர வேலையில் ஆள்கூலிக்குப் போகிறது. இதைக் குறை என்று பதிய எனக்கு மனமில்லை. இருந்தாலும் பட்ஜெட் இறுக்கமாக உள்ள குடும்பத்துக்கு அது கூடுதல் செலவு என்ற உண்மை அதனால் மறைந்துவிடாது.

அடுத்தது பாதுகாப்பு. கரையான், உளுப்பு பற்றிய அச்சத்துக்குத் தீர்வு எளிது. வெள்ளைப் பகுதியை நீக்கி, தட்டிப் பார்த்து, கோணி ஊசியால் குத்திப் பார்த்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் பெரும்பாலும் போதும். உண்மையான அபாயம் யாரும் கேட்காத ஒன்றில் இருக்கிறது: பழைய பெயின்ட். பச்சையும் நீலமும் மஞ்சளும் உரிந்து அடுக்கடுக்காகத் தெரியும் கதவுகளுக்கு இப்போது நல்ல விலை, அந்தத் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உப்புத்தாளால் நனைக்காமல் தேய்த்தால் அந்தத் தூள் ஆசாரியின் நுரையீரலுக்கும், உரியும் பூச்சை அப்படியே விட்டால் தவழும் குழந்தையின் வாய்க்கும் போகும். நனைத்துச் சுரண்டி, தூளைத் தனியே கட்டி அப்புறப்படுத்தி, முகமூடி போட்டு வேலை செய்ய வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறைக்கு வர்ணம் பூசிய கதவை அனுப்பக் கூடாது. குழந்தைகள் அறையில் ‘உரிந்த அழகு’ வேண்டவே வேண்டாம்.

வேறு சில பொருள்களுக்கு எந்த அறையிலும் இடமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பழைய மின்கம்பி, சுவிட்ச் ஆகியவற்றைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. ஒருமுறை இழுத்தால் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும் பழைய கழிவறைத் தொட்டியும், மின்சாரத்தை விழுங்கும் பழைய ஏ.சி.யும் அப்படித்தான். செய்து வைத்த பின் சும்மா இருக்கும் பொருளைத் திரும்பப் பயன்படுத்துவது லாபம். தினமும் நீரையோ மின்சாரத்தையோ கேட்கும் பொருளுக்கு அதன் வாழ்நாள் செலவையும் சேர்த்துக் கூட்டினால் பல சமயம் புதியதே வெல்லும். பழையது எல்லாம் நல்லது என்று நினைப்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடில்லை.

நம்பிக்கை சார்ந்த மறுப்பு ஒன்று உண்டு. அழிந்த வீட்டு மரம், அதிலும் வாசல் நிலை, வாழும் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டுப் பூசை போடும் ஊரில் இந்தத் தயக்கம் இயல்பானது. இதை மூடநம்பிக்கை என்று வாதாடி வென்றதாக எந்த வடிவமைப்பாளரும் சொல்லக் கேட்டதில்லை. வாதாடவும் தேவையில்லை. தயக்கம் பெரும்பாலும் தலைவாசலோடு நின்றுவிடும். கூரைக் கட்டையை அறுத்துச் செய்த மேசைக்கோ புத்தக அலமாரிக்கோ யாரும் தோஷம் சொல்வதில்லை. தலைவாசலுக்குப் புதுமரம், உள்ளே பழையது என்று பிரித்துக்கொண்டால் வீட்டில் அமைதி, மரத்துக்கும் வேலை. சோதனையில் ஒரு கதவு தோற்கிறது, நாலு சாமான்கள் தேறுகின்றன.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பழைய பொருளுக்குச் சந்தை உண்டாக்குவதே பழைய வீடுகளை இடிக்கத் தூண்டுகிறது என்பது அது. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகளை இந்தியா 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. அந்த வீடுகளின் தூணும் கதவும் தனித்தனியே நல்ல விலைக்குப் போகும்போது, முப்பது பங்காளிகளுக்கு நடுவில் சிக்கிய வீட்டைப் பழுதுபார்ப்பதைவிடப் பிரித்து விற்பது எளிதாகிவிடுகிறது. எங்கள் தொழில் இந்தக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. வாங்குபவர் இல்லாமல் விற்பவர் இல்லை. ஆனால் சரக்கின் விலையைக் கூர்ந்து பார்த்தால் வீட்டைப் பிரிக்கத் தூண்டும் பணம் எதில் இருக்கிறது என்று தெரியும். கஜலட்சுமி செதுக்கிய நிலை, வேலைப்பாடு மிகுந்த தூண், போதிகை இவற்றுக்குத்தான் பெரும் விலை. வேலைப்பாடில்லாத விட்டம், வெறும் பலகைக் கதவு, சீமை ஓடு இவற்றின் விலைக்காக எவரும் நல்ல வீட்டை இடிப்பதில்லை. வீடு எப்படியும் போன பிறகு மிஞ்சுபவை அவை. அலங்காரத்துக்கு விரும்பி வாங்குவது முதல் வகை, வேலைக்கு ஆவது இரண்டாம் வகை. நான் சொன்ன சோதனை இங்கே தற்செயலாக ஒரு நன்மையும் செய்கிறது. வேலைக்காக வாங்குபவர் செதுக்கிய கதவைத் தேடிப் போக மாட்டார். காரைக்குடிக்குப் போவதைவிடச் சென்னையில் இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் கட்டையாக வாங்குவது அவருக்கு வசதி.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது தனியாருக்குத் தடை, உள்நாட்டில் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வீட்டுக்கு ஒரு தூண் வாங்கி அனுப்பச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு இது தெரிவதில்லை. கோயிலிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வந்ததாகத் தோன்றும் எதையும் கேள்வியே கேட்காமல் விலக்குவது நல்லது. வாங்குமுன் அந்த வீட்டை இடிக்கும் முடிவு முன்பே எடுக்கப்பட்டதா, இடம் எது என்று கேட்பதும், பதில் மழுப்பலாக இருந்தால் நகர்ந்துவிடுவதும் தொழிலில் சாத்தியமானவைதான். வீட்டையே காப்பாற்றும் வழி இருக்கும்போது பொருளைக் காப்பாற்றுவது இரண்டாந்தரம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அதுவும் வேறு வழியில்லாத வீடுகளுக்கான வழிதான். செட்டிநாட்டிலேயே சில வீடுகள் விடுதிகளாகி நிற்பது அதைவிட மேல். அங்கே தூண் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அளவு போதாது என்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டில் ஆண்டுதோறும் கட்டப்படும் கோடிக்கணக்கான சதுர அடிக்குப் பழைய தேக்கு எந்த மூலைக்கு? நியாயமான கேள்வி. மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் எவ்வளவு காலத்துக்குச் சரக்குத் தரும் என்று பார்த்தால் முடிவு தூரத்தில் இல்லை. அதற்குப் பின் இடிபடப் போவது 1970களுக்குப் பின் வந்த கான்கிரீட் அடுக்குமாடிகள். அவற்றிலிருந்து என்ன எடுக்க முடியும் என்பதில்தான் இந்த முறையின் எதிர்காலம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 2021இல் முடிந்த கே-118 என்ற கட்டடம் இதற்கு நல்ல சான்று. ஒரு பழைய தொழிற்கூடத்தின் மேல் எழுப்பிய மாடிகளுக்கு இரும்புச் சட்டகம் பாசெல் நகரில் பிரித்த கிடங்கிலிருந்து வந்தது, வெளிப்படிக்கட்டு சூரிக்கில் இடித்த ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. எல்லாம் புதியதாக வாங்கிக் கட்டியிருந்தால் வெளியாகியிருக்கும் கரியில் ஏறத்தாழ 60 விழுக்காடு மிச்சமானதாகக் கணக்கிட்டார்கள். அங்கே பழங்கால மரம் எதுவும் தேவைப்படவில்லை. அண்மைக் காலக் கட்டடங்களின் சாதாரணப் பொருள்களே போதுமாயிருந்தன, ஏனென்றால் அவை திருகாணியால் இணைந்திருந்தன.

நம் ஊரில் அப்படி நடக்காததற்குக் காரணம் இணைப்பில் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைத் தட்டினால் சாந்து உதிரும், கல் முழுசாக வரும். சிமென்ட் சாந்தில் கட்டியதில் கல்தான் முதலில் உடையும். செட்டிநாட்டின் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சிமென்டில் பதித்துவிட்டால் பெயர்க்கும்போது பாதி போய்விடும். துளையும் நாக்கும் வைத்து மர ஆணி அடித்த பழைய கதவை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கலாம். பசையிட்டு, பின் அடித்து, லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டில் திருகாணி ஒருமுறைதான் பிடிக்கும். கழற்றினால் துளை பொடிந்துவிடும், நனைந்தால் உப்பிவிடும். 2016ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் பெரிய அளவில் கழிவை உண்டாக்குபவர்கள் அதைத் தரம் பிரிக்க வேண்டும் என்றன. கான்கிரீட் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், செங்கல்லும் சாந்தும் ஒரு பக்கம், இரும்போடு மரமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு பக்கம். அந்தப் பட்டியலில் கதவு என்று ஒரு பொருளே இல்லை, கதவு ஏற்கெனவே ‘மரம்’ ஆகிவிட்டது. இடிபாட்டை நொறுக்கி ஜல்லியாக்கலாம். இந்திய தர நிர்ணயமும் அளவோடு அதை ஏற்கிறது. ஆனால் செங்கல் செங்கல்லாக வருவதற்கு அது ஈடாகாது.

ஆகவே பழைய பொருளைத் தேடுகிறவர் இன்று பொருத்துவது நாளைக்குப் பழைய பொருளாகுமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளலங்காரத்தின் ஆயுள் கட்டடத்தைவிடக் குறைவு. கடைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிடுங்கி எறிகிறார்கள். அங்கே ஒட்டியது குப்பை, திருகியது சரக்கு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். கதவு நிலையைச் சுவரோடு நுரைப் பசையால் ஒட்டாமல் இரும்புப் பிடியில் திருகுவது, அலமாரியைச் சுவரோடு சேர்த்துக் கட்டாமல் தனியே நிற்க விடுவது, தரைக்கல்லைக் கூடியவரை சுண்ணாம்பில் பதிப்பது, பார்ட்டிகிள் போர்டுக்குப் பதில் நல்ல பிளைவுட்டையோ முழு மரத்தையோ எடுத்து வழக்கமான அளவுகளில் வெட்டுவது, அவ்வளவே. தொடக்கச் செலவு கொஞ்சம் கூடும். வாடகைக் கடைக்காரர் ஒப்பந்தம் முடியும்போது தன் அலமாரியைக் கழற்றிப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டினால் அவர் ஒத்துக்கொள்கிறார். சொந்த வீட்டுக்காரரை இணங்க வைப்பதுதான் கடினம், அவருக்குத் தன் வீடு என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை. வேலை முடித்துச் சாவி கொடுக்கும்போது மின்இணைப்புப் படத்தோடு இன்னொரு தாளும் கொடுக்கலாம்: எந்தப் பொருள் எந்த மரம், எங்கிருந்து வந்தது, எந்தத் திருகாணி எங்கே ஒளிந்திருக்கிறது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று. அதை எழுத அரை நாள் ஆகும். அதற்கான கட்டணத்தை மதிப்பீட்டுச் சீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுத நேரமே வராது.